மீசைக்கல்

வெகு காலத்துக்கு முன்னால் தேன்குறிச்சிச் சீமையை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அரண்மனைச் சமையல்காரன் பஞ்சநதம் உறைந்த நெய்யைப் படிக்குள் விரலால் அழுத்தி அழுத்தி அளப்பதை ஒருநாள் பார்த்துவிட்டான்.

“சீச்சீ! இத்தனை நாளாய் உன் விரல் ருசியையா பொங்கலில் தின்றேன்? இனி நெய்க்குப் படி கிடையாது. தராசுதான்!”

சரி, ஒரு படி நெய்க்கு எவ்வளவு எடை? சபையே விழித்தது. உக்கிராண அதிகாரி சுந்தரகேசரி முன்னால் வந்தார். அரண்மனைச் சாமான் அறைகளெல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு முன்னால் அவர் மீசை வரும். தினமும் நெய் தடவி முறுக்கிவிட்ட மீசை.

“இதென்ன பிரமாதம், மகாராஜா! ஒரு படி தண்ணீர் எடைக்குக் கல் செதுக்கினால் போச்சு. தண்ணீரானால் என்ன, நெய்யானால் என்ன? படி படிதானே!”

“சபாஷ்!” என்றான் ராஜா.

கல் வந்தது. முந்தின நாள் உருக்கி அளந்து மடைப்பள்ளிக்குக் கொடுத்த பத்துப் படி நெய்யை முதலில் நிறுத்தார்கள். பானைக்கு ஈடாக எதிர்த்தட்டில் ஒரு வெறும்பானை வைத்து, கல்லை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். பத்தாவது கல் ஏறியதுதான் தாமதம், நெய்த்தட்டு விர்ரென்று மேலே போய்விட்டது.

“திருட்டு!” என்று குதித்தார் கேசரி. “முழுசாக ஒரு படியை முழுங்கிவிட்டான்!” பஞ்சநதத்தின் வேலையில் தன் மைத்துனனை உட்காரவைக்க அவருக்கு வெகுநாளாய் ஆசை.

பஞ்சநதம் ராஜாவின் காலில் விழுந்தான். “சாமி சத்தியமா ஒரு சொட்டுகூடத் தொடலீங்க, மகாராஜா!”

“மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, எல்லைக்கு அப்பால் துரத்துங்கள்!” என்று உத்தரவு போட்டான் ராஜா.

ஐயோ பாவம், பிறந்த ஊரைவிட்டு எங்கே போவான்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது மந்திரி கூத்தபிரான் மெல்ல எழுந்தார்.

“மகாராஜா, ஒரே ஒரு விண்ணப்பம். கேசரியார் கை சுத்தமான கை. அவரே தம் உக்கிராணத்து நெய்யைச் சபையில் பத்துப் படி அளந்து ஊற்றட்டும். நாணயமான நெய் எப்படி நிற்கும் என்று இந்தத் திருடனும் பார்த்துக்கொள்ளட்டுமே!”

கேசரிக்கு வாயெல்லாம் பல். உருக்கிய நெய்யைத் தளும்பத் தளும்பப் பத்துப் படி அளந்து ஊற்றினார். கல் ஏறியது. பத்தாவது கல்லுக்கு நெய்த்தட்டு மறுபடியும் விர்ர்ர்!

“அடடே, இங்கேயும் ஒரு படியைக் காணோமே!” என்று கன்னத்தில் கை வைத்தார் மந்திரி. “நம் கண்ணெதிரே எங்கே போயிருக்கும்?”

ராஜாவின் பார்வை பளபளவென்று மின்னிய மீசையில் போய் நின்றது.

“ஓகோ! அதற்குள்ளா ஒளித்து வைத்திருக்கிறீர்? கூப்பிடு நாவிதனை! சிரைத்துத் தட்டில் போடு!”

கேசரிக்குப் பயத்தில் புத்தி வந்தது. “ஐயோ மகாராஜா, நெய் எங்கும் போகவில்லை! நெய்யே தண்ணீரைவிட லேசு! ரசத்தில் விட்டால் மேலேதானே மிதக்கிறது? கல்தான் தப்பு! நெய்க்கு இதைவிடச் சின்னக் கல் வேண்டும்!”

“கேட்டாயா பஞ்சநதம்?” என்று சிரித்தார் மந்திரி. “உன் வழக்கை ஐயாவே வாதாடி ஜெயித்துவிட்டார்!”

ராஜா வெட்கப்பட்டுப்போனான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். “பஞ்சநதம், போய்ப் பொங்கல் வை. நெய் தாராளமாக இருக்கட்டும்!” என்றான். பஞ்சநதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மடைப்பள்ளிக்கு ஓடினான். கேசரியும் நைசாக நழுவப் பார்த்தார்.

“நில்லும்! எனக்கு இன்னும் ஒரு சின்னச் சந்தேகம்” என்றான் ராஜா.

நாவிதன் வந்தான். மீசை தட்டில் விழுந்தது. தட்டு இம்மிகூட அசையவில்லை.

“அடப் பாவமே!” என்றான் ராஜா. “மனுஷர் குற்றமற்றவர்தான்!”

நெய்க்கென்று சின்னதாக வேறு கல் செதுக்கினார்கள். அதற்கு ஊரார் வைத்த பேர் மீசைக்கல். தினமும் காலையில் பஞ்சநதம், “ஐயா, மீசைக்கல்லை எடுங்க!” என்று குரல் கொடுப்பான். கேசரி அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்.