வந்து சேராத சேதி

"இன்னொரு சேதி தவறிப்போச்சு, மேடம்" என்றான் தேவசகாயம்.

நோயாளியின் நாடித்துடிப்பைக் கம்பியில்லாமல் திரைக்கு அனுப்பும் கருவி ஒன்றை அவர்கள் குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் சிப்போடு பேசும் டிரைவர் மென்பொருளை எழுதுகிறவன் அவன். குழுவின் தலைவி சுலைகா அவனைவிட இளையவள். தொழிலை அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தான்.

முந்தின நாள் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குப் பொருத்திச் சோதித்தபோது, கருவிக்கும் திரைக்கும் இடையிலான இணைப்பு அறுந்தது. அறுந்துவிட்டது என்று கருவியின் சிப் சொல்லத்தான் செய்தது. அந்தச் சேதி மென்பொருளுக்கு வந்து சேரவில்லை.

அவருடைய துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தபோதும் திரை பழைய துடிப்பையே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் தற்செயலாகக் கையைத் தொட்டுப் பார்த்ததால் அந்த மனிதர் பிழைத்தார்.

மென்பொருளில் சேதிகள் காத்திருக்கும் வரிசையை எவ்வளவு பெரிதாக்கியும் பலனில்லை என்றான். ஒன்றுகூடத் தவறாமல் பிடிக்க வழி கேட்டான்.

சுலைகா வழி சொல்லவில்லை.

"சேதி வராதப்போ உங்க மென்பொருள் என்ன நினைச்சுக்கிச்சு?"

"இணைப்பு இருக்குன்னு."

சுலைகா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"தக்கலையில உங்க அக்கா எப்படி இருக்காங்க?"

பேச்சு ஏன் அங்கே போகிறது என்று அவனுக்குப் புரியவில்லை. "நல்லா இருக்கா."

"பேசினீங்களா?"

பேசவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று இருவருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை, இவனும் கூப்பிடவில்லை.

"ஏதாவது ஆகியிருந்தா சொல்லியிருப்பாங்க" என்றான்.

சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான்.

வெகுநேரம் மணி அடித்த பிறகு அக்கா எடுத்தாள். குரல் மெலிந்திருந்தது. பங்குனியில் மார்பில் கட்டி என்று ஆபரேஷன் ஆனதாம். இப்போது எழுந்து நடக்கிறாளாம்.

"சித்தப்பா மவன் ஸ்டீபன்கிட்ட சொல்லி விட்டேனேடா. அவன் சொல்லலையா?"

"இல்லக்கா."

 அக்கா மெதுவாகச் சொன்னாள்:

"தெரிஞ்சும் நீ வரலன்னுல்லா நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

சனிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனை வைத்தான். உடனே உள்ளே போக முடியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டுதான் போனான்.

சாயங்காலம் வரை வேலை செய்தும் அவன் அந்தச் சேதி வரிசையைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக, இணைப்பு இருக்கிறதா என்று சிப்பிடம் மென்பொருளே அடிக்கடி போய்க் கேட்கும்படி எழுதிக் கொண்டுவந்து காட்டினான்.

சுலைகா கடைசி வரி வரை படித்தாள்.

"கேட்டும் பதில் வரலைன்னா?"

"திரையில இருக்கிற பழைய துடிப்பை அழிச்சுட்டு, தெரியலைன்னு போட்டுடும், மேடம்."