கோட்டை வாசலுக்குள் முதல் ஆள்

வாசல் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது, வராதவன் சோம்பேறி என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு ராஜ்யத்தில், ஒரு பிரதானி அதை ராஜாவிடமே சொன்னார்.

ராஜாவுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்திருந்தது. அரண்மனை வேலைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று உத்தரவு போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் எந்த ஆசனத்தைப் பார்த்தாலும் பெரிய வீட்டுப் பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறான். ஏழை வீட்டிலிருந்து ஒருவன்கூட மேலே வரவில்லையே, ஏன் என்று சபையில் கேட்டார். அவர்களுக்கு முயற்சி போதாது என்றார் பிரதானி திருமேனிநாதர். சபையே தலையாட்டியது, அரண்மனை விகடன் மிளகுச்சாமியைத் தவிர. ஆள் குள்ளம். வாய் மட்டும் நீளம்.

"வர மனசில்லாம இல்ல மகாராஜா. வர முடியல," என்றான்.

பிரதானிக்கு அவன்மேல் ரொம்ப நாள் எரிச்சல். உடனே ஒரு பந்தயம் கட்டினார். நெல் களஞ்சிய மேலாளர் வேலை காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடியல் மணி அடித்ததும் கோட்டை வாசலுக்குள் முதலில் நுழைபவனுக்கு அது என்று பறை அறையட்டும். ஏழை ஒருவன் முதலில் வந்துவிட்டால் பிரதானி மன்னிப்புக் கேட்பார். இல்லையென்றால் மிளகுச்சாமி ஊரைவிட்டுப் போக வேண்டும். அவன் யாருக்கும் காசு கொடுக்கக் கூடாது, யாரையும் வேலைக்குப் போகாமல் நிறுத்தவும் கூடாது. ராஜாவுக்கு விளையாட்டு பிடித்துப்போயிற்று.

மிளகுச்சாமி ஊருக்குள் போய் விசாரித்தான். விடியற்காலையில் ஒருவன் பெரிய வீட்டு மாட்டைக் கறக்க வேண்டும், இன்னொருவன் பெரிய வீட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும். ஒரு நாள் போகாவிட்டாலும் அன்றைக்கு அடுப்பு எரியாது. கடைசியில் இடும்பன் வீட்டுக்கு வந்தான். இடும்பன் பிரதானியின் பல்லக்குத் தூக்கி. அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் நெல் மூட்டை சுமந்தவன். இப்போது தோளில் தேங்காய் மூடி அளவுக்குக் காய்ப்பு. அந்தத் தோள் இன்னும் ஒரு வருஷம் தாங்கினாலே அதிகம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வீட்டில் ஐந்து வயிறு.

"அந்த வேலை கெடச்சா பொழச்சுக்குவேன் சாமி. ஆனா வெள்ளிக்கெழம பிரதானி மருமகன நான்தான் கோட்டைக்குத் தூக்கிட்டுப் போகணும்," என்றான்.

"பல்லக்குல எந்தக் கொம்பு, முன்னாலயா பின்னாலயா?"

"முன்கொம்பு."

"அதையே தூக்கு. வேற ஒண்ணும் பண்ணாத."

வெள்ளிக்கிழமை மணி அடித்தது. ராஜாவும் சபையும் வாசலுக்கு உள்ளே காத்திருந்தார்கள். வந்தது ஒரே ஒரு பல்லக்கு. அதற்குள் மருமகன் வரதநம்பி நல்ல தூக்கத்தில் இருந்தான். பிரதானி அவனைத் தட்டி எழுப்பி இறக்கிவிட்டு, மிளகுச்சாமியைப் பெட்டி படுக்கையைக் கட்டச் சொன்னார்.

மிளகுச்சாமி வாசல் காவலனை ராஜா முன்னால் கூட்டிவந்தான். "மணி அடிச்சதும் இந்த வாசலைத் தாண்டி முதல்ல உள்ள வந்தது யாருப்பா? பார்த்ததை மட்டும் சொல்லு."

காவலன் பிரதானியைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான், பிறகு இடும்பனைக் கைகாட்டினான். "இவருதான். சின்னவர் இவருக்கு நாலு முழம் பின்னால வந்தாரு."

சுமந்து வந்தவனை வந்தவன் என்று சொல்ல முடியுமா என்று பிரதானி சீறினார்.

"ஓரடிகூட நடக்காம உங்க மருமகன் வந்துட்டாரு," என்றான் மிளகுச்சாமி. "நடந்தே வந்தவன் மட்டும் வரலையா ஐயா?"

ராஜா சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, ஒரு நெல் மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். இதில் எத்தனை மரக்கால் என்று இருவரையும் கேட்டார். ஆளை விட்டு அளந்து சொல்கிறேன் என்றான் வரதநம்பி. இடும்பன் மூட்டையைத் தோளில் ஏற்றி இறக்கினான்.

"இருபத்துமூணு மரக்கால். மேல ஒரு படி."

அளந்தார்கள். சரியாக இருந்தது. வேலை இடும்பனுக்கு என்று அங்கேயே தீர்ப்பாயிற்று. பிரதானி முணுமுணுப்பாக மன்னிப்புக் கேட்டார். காதில் விழவில்லை என்று ராஜா இன்னொரு தடவை கேட்க வைத்தார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மிளகுச்சாமிக்குப் போட்டார். அது அவனுக்கு முழங்கால்வரை தொங்கியது.

மறுநாள் காலையில் இடும்பன் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போனான். பிரதானியின் பல்லக்கில் முன்கொம்பு தூக்க வேறொருவன் வந்து சேர்ந்தான்.