வேங்கைக்குப் பத்தியம்

முன்னொரு காலத்தில் மகிழம்பாடி நாட்டைச் செண்பகராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அவனையே ஆண்டது ஒரு வேட்டைநாய். பேர் வேங்கை. புலிக்குப் பயப்படாத அந்த நாய்க்கு வயிறு மட்டும் கோழிக்குஞ்சு வயிறு.

ராஜா அதைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தன் இலையிலிருந்தே நெய்ச்சோறு பிசைந்து ஊட்டுவான். ஒருநாள் ஒரு பாட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்குமா?” என்று பழமொழியைச் சொல்லிவிட்டார். ராஜாவுக்கு வந்ததே கோபம். “இனி இந்தப் பழமொழியை எவன் சொன்னாலும், வேங்கை தின்கிற சோற்றைச் சபை நடுவில் அவன் தின்ன வேண்டும்” என்று சட்டம் போட்டான்.

சட்டம் போட்டால் வயிறு கேட்குமா? வேங்கைக்கு வயிறு பிடுங்கிக்கொண்டு போனது. விலா எலும்பு தெரிந்தது. வைத்தியர்கள் வந்தார்கள், நெய் மினுங்கும் இலையைப் பார்த்தார்கள், ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். திருஷ்டி என்றார் ஒருவர், சனி பார்வை என்றார் இன்னொருவர். சட்டத்துக்குப் பயந்து ஆளுக்கொரு கஷாயம் கொடுத்துவிட்டு நழுவினார்கள்.

மடைப்பள்ளி அதிகாரி தாண்டவராயருக்கு இது நல்ல சமயமாகப் பட்டது. மந்திரி சடையனார் மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை. “மகாராஜா, மந்திரியாருக்குத் தெரியாதது உண்டா? நோய்க்குக் காரணம் என்னவென்று அவரே சபையில் சொல்லட்டுமே” என்றார்.

“சொல்லும்” என்றான் ராஜா. “வேங்கை பிழைக்காவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடும்.”

சடையனாருக்குக் காரணம் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் பதவி போகும், எப்படியும் நாய் போகும். அவருக்கு நாய் மேல்தான் இரக்கமாக இருந்தது. ஆனால் பதறவில்லை.

“மகாராஜா, வேங்கை தங்களுக்கு யார்?”

“என்ன கேள்வி ஐயா? என் பிள்ளை.”

“சோறு யார் ஊட்டுகிறது?”

“நான்தான். வேறு யார் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.”

“கைக்குழந்தைக்கு வயிறு கெட்டால், நம் வீடுகளில் யார் பத்தியம் இருப்பார்கள்?”

ராஜா யோசித்தான். “தாய்.”

“அவ்வளவுதான் வைத்தியம். ஊட்டுகிறவர்தான் தாய். இன்று முதல் மகாராஜா பத்தியம். குழைந்த சோறு, உப்பில்லாமல் அவித்த கோழி, கொஞ்சம் பரங்கிக்காய். நெய், பால், வெங்காயம், மசாலா எதுவும் இலைக்கு வரக்கூடாது. அதிலிருந்தே பிள்ளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள்.”

தாண்டவராயர் நெஞ்சில் கை வைத்தார். “ஐயையோ, மகாராஜா தனியாக வாயைக் கட்டுவதா? வேங்கைக்கு நானும் ஒரு தாய் மாதிரிதானே.”

“நல்லதாய்ப் போயிற்று” என்றார் சடையனார். “நீரும் பத்தியம் இரும்.”

தவளை தன் வாயால் கெட்ட கதைதான். இலையில் நாலு வகைப் பலகாரம் இல்லாமல் உட்காராத மனிதர், உப்பில்லாச் சோற்றைப் பார்த்து விழித்தார்.

ராஜாவும் முதலில் முரண்டு பிடித்தான். “இதை மனிதன் தின்பானா?” என்றான். “மனிதன் தின்னமாட்டான், தாய் தின்பாள்” என்றார் மந்திரி. ராஜா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அவன் இலையில் நெய் இல்லை, ஆகவே வேங்கையின் வாய்க்கும் நெய் போகவில்லை. மெல்ல மெல்ல அதன் வயிறு அடங்கியது. வால் ஆடியது. ஒருநாள் காலை அணில் ஒன்றைத் துரத்திக்கொண்டு அது அந்தப்புரம் வரை ஓடியபோது, ராஜா குழந்தை மாதிரி கைதட்டினான்.

ஆனால் இரண்டொரு நாளில் வேங்கை மறுபடி சுருண்டுவிட்டது. ராஜாவின் கண் சிவந்தது. தாண்டவராயர் முந்திக்கொண்டார். “மந்திரியார் வைத்தியம் இவ்வளவுதான் மகாராஜா. மோதிரத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.”

சடையனார் மோதிரத்தைத் தொடக்கூட இல்லை. “இரண்டு தாயில் ஒரு தாய் பத்தியத்தை முறித்திருக்கிறாள். எந்தத் தாய் என்று பிள்ளையே காட்டட்டும். வேங்கையை அவிழ்த்து விடுங்கள்.”

வேங்கை தள்ளாடி எழுந்தது. ராஜாவின் கையை முகர்ந்தது, நகர்ந்தது. நேரே தாண்டவராயரிடம் போய் அவர் இடுப்பு மடியைக் கவ்வி இழுத்தது. நெய்யில் ஊறிய அதிரசங்கள் சபையில் உருண்டன. ஒளித்துத் தின்றது போதாதென்று, மந்திரியின் மோதிரம் கழலட்டும் என்று நாய்க்கும் போட்டிருக்கிறார் மனிதர். பத்தியத்தில் நாக்குச் செத்திருந்த வேங்கையும் நெய் வாசனைக்கு மயங்கி அவர் கையில் வாங்கித் தின்றிருக்கிறது.

ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தான். “அடப் பாவி, அது தேறி வருகிற உடம்பய்யா. நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்குமா? இதுகூடவா உமக்குத் தெரியாது?”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தான் சொன்னது ராஜாவின் காதிலேயே விழுந்தது. அவன் தன் வலக்கையை விரித்துப் பார்த்தான்.

“அப்படியானால், இத்தனை நாளும் இதைக் கெடுத்தது இந்தக் கைதானா?”

“ஆசையாகக் கொடுத்த கை, மகாராஜா” என்றார் சடையனார் மெதுவாக.

“உமக்கு முதலிலேயே தெரியும்.”

“வைத்தியர்களுக்கும் தெரியும். சட்டம் வாயைக் கட்டியிருந்தது.”

ராஜா வேங்கையின் தலையை மடியில் எடுத்து வைத்துத் தடவிக்கொடுத்தான். பிறகு, “சட்டம் எனக்கும்தான். வேங்கையின் சோற்றைக் கொண்டுவாருங்கள், தின்கிறேன்” என்றான்.

“எதற்கு மகாராஜா?” என்றார் மந்திரி. “பத்தியம் தொடங்கிய நாளிலிருந்து தாங்கள் தின்பது எந்தச் சோறு? தண்டனையை முன்கூட்டியே அனுபவித்தாயிற்று.”

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். தன் பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினான். “இன்னும் என்ன வேண்டும், கேளும்” என்றான். “அந்தச் சட்டத்தை எடுத்துவிடுங்கள்” என்றார் சடையனார். அப்போதே எடுத்துவிட்டான்.

தாண்டவராயரை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. வேங்கை முழுக்கத் தேறும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதே சோற்றைத் தின்ன வேண்டும் என்று மட்டும் உத்தரவாயிற்று. நாய் கொழுத்தது, அதிகாரி இளைத்தார். அதற்கப்புறம் அவர் அரண்மனையில் எந்தப் பக்கம் போனாலும், வாயிற்காவலர்கள்கூட எழுந்து நின்று, “என்ன தாயே, பத்தியம் முடிந்ததா?” என்று மரியாதையாக விசாரித்தார்கள்.