கழுகுப்பாறைக் கயிறு

முன்னொரு காலத்தில் மலையடிவாரத்து நாடொன்றைக் கம்பீரராயன் என்ற அரசன் ஆண்டான். பெயரில் இருந்த கம்பீரம் சாப்பாட்டு வேளையில் மட்டும் அவனிடம் தென்படும்.

ஒரு நாள் காலை பணியாரத்தைத் தேனில் தொட்டுத் தின்றவன் முகத்தைச் சுளித்தான். "இது மரப்பொந்துத் தேன். என் பிறந்தநாளுக்குக் கழுகுப்பாறைத் தேன் வேண்டும். மூன்று நாளில்."

கழுகுப்பாறை என்பது நாற்பது பனை உயரத்துச் செங்குத்து மலை. அதன் நடுவில் முறம் முறமாகத் தேனடைகள் தொங்கும். கொடியால் முறுக்கிய கயிற்றில் அங்கே இறங்கத் தெரிந்தவன் மலைக்குடியைச் சேர்ந்த கெம்பன் ஒருவன்தான். இறங்கத் தெரிந்த அளவுக்கு அவனுக்குப் பேசத் தெரியாது. அதனால் அரசன் ஆளனுப்பியபோது மனைவி நஞ்சியும் கூடவே வந்தாள்.

"இறங்குறதுக்கு என்ன சாமி, இறங்குவாரு" என்றாள் நஞ்சி. "கயிறு பிடிக்கத்தான் ஆள் இல்ல. என் தம்பி காடன் உங்க சிறையில கிடக்கான்."

"எதற்காக?"

அரசனின் பக்கத்தில் நின்ற தளவாய் வீரபத்திரன் தொண்டையைச் செருமினான். "ராஜ நிந்தனை, அரசே."

"தளவாய் ஐயா பல்லக்குலேருந்து சேத்துல விழுந்தாரு. என் தம்பி சிரிச்சுட்டான்."

அரசனுக்கும் சிரிப்பு வந்தது. அதை இருமலாக்கிக்கொண்டான். "எத்தனை நாளாக உள்ளே இருக்கிறான்?"

"எட்டு மாசமாச்சு சாமி."

"கொஞ்சம் நீளமான சிரிப்புதான். சரி, கயிற்றை வேறு யாராவது பிடிக்கட்டுமே."

"எங்க மலையில பெண்டாட்டி கூடப் பிறந்தவன்தான் பிடிக்கணும். அண்ணன் தம்பி பிடிச்சா, இவன் போனா இவன் காடும் நமக்குத்தானேன்னு ஒரு நெனப்பு வரலாம். சிநேகிதன் பிடிச்சா, எறும்பு கடிச்சதும் கையை விட்டுருவான். மச்சான் விடமாட்டான். விட்டா, கூடப் பிறந்தவ மொகத்துல எப்படி முழிப்பான்?"

தளவாய் சிரித்தான். "கயிற்றுக்கு உறவுமுறை தெரியுமா? என் வீரர்கள் பத்துப் பேர் பிடிப்பார்கள். நாளை இவன் இறங்காவிட்டால், குடியிருப்பு மொத்தத்தையும் மலையைவிட்டு இறக்கிவிடலாம் அரசே."

தேன் வந்தால் போதும் என்றிருந்த அரசன் தலையாட்டிவிட்டான்.

மறுநாள் காலை கழுகுப்பாறை உச்சியில் மலைக்குடி முழுவதும் கூடி நின்றது. அரசன் பல்லக்கில் வந்தான். பத்து வீரர்கள் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். ஒரு தேனீ வந்து சுற்றியதற்கே இரண்டு பேர் கயிற்றை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். நஞ்சி அதைப் பார்த்தாள். நேராக அரசன் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, யார் பிடிச்சாலும் ஒண்ணுதான்னு தளவாய் ஐயா சொன்னாரு. எங்க சனத்துக்கு நம்பிக்கை வரல. பெரியவங்க ஒருத்தர் இறங்கிக் காட்டினா நம்புவாங்க. ஒரு ஆள் உயரம் போதும்."

இத்தனை பேர் பார்க்கும்போது அரசன் மாட்டேன் என்பானா? "ஒரு ஆள் உயரம்தானே? நானே இறங்குகிறேன்."

கெம்பன் தன் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து அரசன் இடுப்பில் கட்டினான்.

"சாமிக்கு எங்க முறைப்படியே ஆள் இருக்கு. தளவாய் ஐயா ராணியம்மா கூடப் பிறந்தவருதானே?" என்றாள் நஞ்சி.

வீரர்களைத் தள்ளிவிட்டுத் தளவாயே கயிற்றைப் பிடித்தான். அரசன் விளிம்பில் ஒரு காலை வைத்துக் கீழே பார்த்தான். கழுகு ஒன்று பறந்துகொண்டிருந்தது. அதன் முதுகு தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். தளவாயின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அவன் கண்டதே இல்லை.

"கவலை வேண்டாம் அரசே. இளவரசருக்கு நான்கு வயதுதானே? நான் பார்த்துக்கொள்கிறேன்."

அரசன் காலை எடுத்துவிட்டான். "முழங்காலில் ஏதோ பிடிப்பு. தளவாய் இறங்கட்டும்."

"நானா?"

"கயிற்றுக்கு உறவுமுறை தெரியாது என்றவர் நீர்தானே?"

"ஐயாவுக்கும் முறை தப்பாது சாமி. அவர் கட்டினது உங்க தங்கச்சியைத்தானே?" என்றாள் நஞ்சி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த அந்தக் கல்யாணத்தில் நாடே சாப்பிட்டிருந்தது.

அரசன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தான். "வாரும் மைத்துனரே."

"தங்கள் தங்கையை நினைத்துப் பாருங்கள் அரசே!"

"நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்றுகூட உம்மைப் பற்றிச் சொல்லி அரை நாள் அழுதாள்."

தளவாய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "அரசே, காடனையே கூப்பிட்டுவிடலாம்!"

அரசன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் மலையே சிரித்தது.

உச்சிவேளைக்குள் குதிரையில் காடனைக் கொண்டுவந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தான். கயிற்றை ஒரு பாறையில் சுற்றி, தன் இடுப்பிலும் ஒரு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றிக்கொண்டான். கெம்பன் இறங்கினான். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அரசன் அதைக் கவனித்துவிட்டுக் காடனிடம் கேட்டான்.

"உனக்கும் அவனுக்கும் சண்டையே வந்ததில்லையா?"

"வராம என்ன சாமி? என் வேட்டை நாயைக் கூட்டிட்டுப் போயித் தொலைச்சுட்டான். ரெண்டு வருசமாப் பேச்சே கிடையாது."

"பேசாதவன் கயிற்றையா பிடிக்கிறாய்?"

"கயிறு பிடிக்க எதுக்குப் பேச்சு? கையை விட்டா என் அக்காவுக்குப் பதில் சொல்லணும். நீங்க சொல்றீங்களா?"

அரசன் நஞ்சியைப் பார்த்தான். "வேண்டாம்" என்றான்.

தேன் வந்தது. அந்தத் தேன்குடத்தைத் தளவாய் தலையில் சுமந்து அரண்மனை வரை நடக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. தேனீக்களும் வழித்துணைக்குப் போயின. நஞ்சிக்கு அரசன் தன் கழுத்து மாலையைக் கொடுத்தான். யார் விழுந்தாலும், அரசனே விழுந்தாலும், காடன் சிரிக்கலாம் என்று ஓலை எழுதிக் கொடுத்தான்.

மலைக்குடியினர் தங்கள் குடியிருப்புக்குத் திரும்பினார்கள். அரண்மனையில்தான் சிக்கல். அன்று முதல் படியிறங்கும் இடத்தில் அரசனும் தளவாயும், "நீர் முன்னால்", "இல்லை, தாங்கள் முன்னால்" என்று உபசரித்துக்கொண்டே நிற்பார்கள். பல நாள் சபை கூடியதே பொழுது சாய்ந்த பிறகுதான்.