பெயரில்லாத கூவல்

காட்டு மைனாக்கள் ஒரு கூவல் வரிசை வைத்திருந்தன. ஆற்றங்கரை மருதமரத்து மைனா கூவினால், அடுத்த மரத்து மைனா அதை வாங்கிக் கூவும். மரம் மரமாகச் செய்தி மலையடிவரை போகும். செந்நாய் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் காடு பிழைத்தது இதனால்தான். விதிகள் இரண்டு. முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். வியாபாரம் பேசக் கூடாது.

நரி நல்லமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

“இவ்வளவு நல்ல வழியைச் சும்மா போட்டிருக்கிறார்களே, மடையர்கள்!”

ஏழு கிளிகளைப் பழக்கி, வரிசை மரங்களின் பொந்துகளில் உட்கார வைத்தது. விடிந்தது முதல் அவை கத்தின. “நண்டு! நண்டு! முட்டை கொடுத்து வாங்க, வழுக்குப்பாறை நரியிடம் வாருங்கள்!”

ஒரு காலையில் மருதமரத்து மைனா தன் பெயரைச் சொல்லி “செந்நாய்!” என்று கூவியது. மூன்றாம் மரத்தில் அந்தச் செய்தி நண்டுச் சத்தத்தில் அமுங்கிப் போனது. புள்ளிமான் தன் குட்டியோடு மயிரிழையில் தப்பியது. குட்டிக்கு ஒரு காது போயிற்று.

வரிசைக்குக் காவல் மரங்கொத்தி. “பெயர் சொல்லாமல் கத்துவது யார்?” என்று கேட்டது. பதிலாக நண்டுச் சத்தம்தான் வந்தது. உடனே மரங்கொத்தி தன் மனைவியை வேறொரு மரத்தில் உட்கார வைத்தது. சத்தம் வந்த திசைக்கு இருவரும் அலகை நீட்டினார்கள். இரண்டு அலகும் காட்டிய கோடுகள் சந்தித்த இடத்தில் ஒரு பொந்து! இப்படியே ஏழும் அகப்பட்டன.

“என்ன நல்லமுத்து அண்ணே இது?” என்று கேட்டது மரங்கொத்தி.

“சோதனைக் கூவல்! வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.”

“ஏழு கிளி வைத்து, ஒரு மாதமாகவா?”

“எல்லாம் பொதுச்சேவை ஐயா!”

புள்ளிமான் தன் குட்டியை முன்னால் தள்ளியது. “உங்கள் சேவையை இதன் காதில் சொல்லுங்கள். மிச்சம் ஒன்று இருக்கிறது!”

நரி கிளிகளை வழுக்குப்பாறையிலிருந்த தன் குகைக்கே கொண்டுபோனது. “என் பாறை, என் கிளி! இங்கே உங்கள் விதி செல்லாது!”

“தாராளமாக!” என்றது மரங்கொத்தி.

பத்தாம் நாள் மறுபடி “செந்நாய்!” என்ற கூவல் வந்தது. இம்முறை தடங்கலில்லை. மானும் முயலும் பன்றியும் ஒளிந்துகொண்டன. செந்நாய்கள் வெறுங்காட்டில் பசியோடு நின்றன. அப்போது காற்றில் ஒரு குரல் வந்தது. “வழுக்குப்பாறை நரியிடம் வாருங்கள்!”

போயின.

காதருகே ஏழு கிளி கத்தியதில் நரிக்கு எச்சரிக்கையும் கேட்கவில்லை, காலடியும் கேட்கவில்லை. அது போட்ட கடைசிக் கூச்சலும் நண்டுச் சத்தத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. கிளிகள் மறுநாளும் நண்டு விற்றுக்கொண்டிருந்தன.

எல்லோர் உயிரையும் காக்கும் பொதுவழியைத் தன் கடைத்தெருவாக்குகிறவன், தன் உயிருக்கு ஆபத்து வரும்போது அதைக் கேட்கும் காதையும் இழந்து நிற்பான்.