சிலுப்பிக்குக் குல்லா போட்ட துரை

ஒரு ஊர்ல ஒரு துரை இருந்தாரு. வெள்ளைக்காரத் துரை இல்லடி, மலையூர் ஜமீன் துரை. மலையாண்டித் துரைன்னு பேரு. எங்க, "ம்" கொட்டு. அத்தைக்கு நீ ம் கொட்டினாத்தான் கதை நகரும்... ஆங், அப்படி.

அந்தத் துரைக்குக் குளிருன்னா ஆகவே ஆகாது. ஐப்பசில ஒரு குல்லா, கார்த்திகைல ரெண்டு, மார்கழில மூணு. மூணையும் ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டு மூக்கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருப்பாரு. அந்த மூக்கும் ஒழுகும்.

அவருகிட்ட ஒரு செவலைக் குதிரை இருந்துச்சு, பொட்டைக் குதிரை. பேரு சிலுப்பி. லாயத்துல அதைப் பாத்துக்கறவ ஒச்சம்மா. அவளுக்குப் புருசன் இல்ல, புள்ள இல்ல. குட்டியா இருந்ததுல இருந்து வளர்த்த சிலுப்பிதான் அவளுக்கு எல்லாம்.

அப்புறம் மார்கழி வந்துச்சு. உப்பைக் கொட்டின மாதிரி எங்க பாத்தாலும் உறைபனி. சிலுப்பி பாட்டுக்கு மேலெல்லாம் புசுபுசுன்னு மயிர் வளர்த்துக்கிட்டு புல்லு மென்னுக்கிட்டு இருக்கு. கறுக் மொறுக், கறுக் மொறுக். அப்போ துரை வந்தாரு.

"ஏ ஒச்சம்மா! குதிரை எப்படி நடுங்குது பாரு!"

"நடுங்கறது நீங்க சாமி. அது சும்மா புல்லு திங்குது."

கேப்பாரா? தனக்கு மூக்கு ஒழுகினா ஊருக்கே ஒழுகுதுன்னு நெனைக்கிற மனுசன். நாலு கம்பளியை அது முதுகுல போட்டாரு. காது ரெண்டுக்கும் ஓட்டை வச்சு ஒரு குல்லா தைச்சு மாட்டினாரு. ராத்திரி ஜன்னல் வழியா சாரல் அடிச்சுது. நாலு கம்பளியும் சொதசொதன்னு நனைஞ்சு, விடியும்போது சிலுப்பி நெசமாவே நடுங்குச்சு. வெடவெடவெடன்னு! "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னாரு துரை. ம்?

அப்புறம், "ஜன்னலை எல்லாம் அடை, கரியை மூட்டு"ன்னாரு. ஒச்சம்மா, "காத்து வேணும் சாமி"ன்னா. ஆளை விட்டு ஆணியே அடிச்சுட்டாரு. உள்ள ஒரே புகை. மூத்திர நெடி கண்ணைக் கரிக்குது. சிலுப்பி, "லொக்! லொக்!" பக்கத்துல நின்ன துரையும், "லொக்! லொக்!" யாரு குதிரை யாரு துரைன்னே தெரியல.

சிரிக்காதடி, இனிமேதான் ஆபத்து.

மூணாவதா, "உடம்புல தெம்பு இல்ல"ன்னு, ஒச்சம்மா சோத்துக்குப் போயிருந்த நேரம் பாத்து ஒரு அண்டா வெண்பொங்கலை வச்சுட்டாரு. நெய் மெதக்குது. சிலுப்பி முழுசும் தின்னுடுச்சு. அப்புறம் தொட்டித் தண்ணில வாயை வச்சுச்சு. ஐஸா இருந்துச்சா, "ப்பூ"ன்னு ஊதிட்டுத் திரும்பிக்கிச்சு. ஒரு சொட்டுக் குடிக்கல.

மறுநாள் சாணி போடல. காலால தரையைப் பறண்டுது, திரும்பித் திரும்பித் தன் வயித்தையே பாக்குது. ஒச்சம்மா அது வயித்துல காதை வச்சுக் கேட்டா. எப்பவும் களுக் முளுக்குன்னு சத்தம் கேக்கும். அன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. குதிரைக்கு வயிறு பேசாமப் போனா உசுரு போயிடும்டி.

ஒச்சம்மா துரையைப் பாத்து அழுதுக்கிட்டே கத்தினா: "குளிரு உமக்குத்தான்யா! அதுக்கு இல்ல!"

துரையை யாரும் அப்படிப் பேசினதே இல்ல. அவரு கோபமே படல. சின்னக் கொரல்ல, "செத்துருமா ஒச்சம்மா?"ன்னாரு. அந்த ஆளுக்கும் சிலுப்பின்னா உசுருதான், புத்திதான் கிடையாது.

அப்புறம் ஒச்சம்மா ஈரக் கம்பளியை உருவி எறிஞ்சா. வைக்கோலால உடம்பைச் சரக் சரக்குன்னு தேய்ச்சுக் காய வச்சா. ஆணியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்து விட்டா. வெதுவெதுன்னு வெந்நீர்ல கொஞ்சம் உப்புப் போட்டு வாளில நீட்டினா. சிலுப்பி உர்ர்ர்ருன்னு உறிஞ்சுச்சு.

"இப்போ மெதுவா நடத்துங்க சாமி."

"நானா?"

"உள்ள இருக்கறது உங்க பொங்கல்தானே?"

துரை கயித்தைப் பிடிச்சாரு. லாயத்து முற்றத்துல ஒரு சுத்து. ஒண்ணும் வரல. துரைக்கு வேர்த்துது, ஒரு குல்லாவைக் கழட்டினாரு. ரெண்டாவது சுத்து. ஒண்ணும் வரல, இன்னொரு குல்லாவும் போச்சு. மூணாவது சுத்துல வயித்துல காதை வச்சாரு. எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி, "களுக்." இன்னும் நல்லாக் கேக்கணும்னு காதைப் பின்னால கொண்டு போனாரு, பின்னால, இன்னும் பின்னால...

டர்ர்ர்ர்ர்ர்ருன்னு ஒண்ணு விட்டுச்சு பாரு! மூணாவது குல்லா பறந்தே போச்சு. அப்புறம் தொப், தொப், தொப்.

"போட்டுருச்சு! போட்டுருச்சு!" பேரன் பொறந்த மாதிரி துரை குதிக்கிறாரு. ஒச்சம்மா சிலுப்பி கழுத்தைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. அந்தச் சந்தோசத்தை எல்லாம் சொல்லி முடியாதுடி.

அன்னிக்குச் சாயங்காலத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா காஞ்ச புல்லு கொடுத்தா. வயித்துல புல்லு இருந்தா குதிரைக்கு அதுவே அடுப்பு, போர்வை எதுக்கு? துரையும் அப்புறம் தினமும் வெந்நீர் குடிச்சுட்டு மூணு சுத்து நடந்தாரு. காலைல ஊரு வழக்குக் கேக்கக் கச்சேரில உக்காந்ததும் மொதக் கேள்வி, "சிலுப்பி போட்டாச்சா?" "ஆச்சு சாமி"ன்னு சொன்னாத்தான் மத்த வேலை.

எங்க, ம் கொட்டு... தூங்கிட்டியா? ஏய், என்னடி சத்தம் அது? வாயால கொட்டச் சொன்னா இப்படியா கொட்டுவ? ச்சீ, போர்வையை விலக்கு, அந்த ஜன்னலைத் திற!

போகட்டும், வயிறு பேசுது. நல்லா இருப்ப. குதிரை லாயத்துக்குப் போயாச்சு, கதையும் கூடவே போயாச்சு. அது நின்னுக்கிட்டே தூங்கும், நீ படுத்துத் தூங்கு.