ரெண்டாவது விரிசல்

"இது வேலைக்கு ஆகாது மேடம். தூக்கிக் குப்பையில போடுங்க"ன்னு கத்திட்டு, கான்கிரீட் கட்டையை மேஜை மேல டொம்முனு வச்சேன்.

ஜெசிந்தா மேடம் என் ஆராய்ச்சிக்குக் கைடு. கத்துனா பதில் சொல்ல மாட்டாங்க. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

அந்தக் கான்கிரீட்டுக்குள்ள பாக்டீரியா கலந்திருக்கு. தூங்கிட்டே கெடக்கும். விரிசல் விட்டு உள்ள தண்ணி போச்சுன்னா முழிச்சுக்கும், சுண்ணாம்பு சுரந்து அடைச்சிடும். ஒடைஞ்ச எலும்பு தானா கூடுதே, அந்த மாதிரி. எங்க லேப்ல அதுக்குப் பேரு தையல்.

"முதல் விரிசலுக்கு என்ன அழகா தையல் போட்டுச்சு! அதே எடத்துல திரும்ப ஒடைச்சேன். ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே தண்ணித் தொட்டியில போட்டது. ஒரு பொட்டு வெள்ளை இல்ல. திமிரு மேடம்."

"கட்டைக்கா?"

"பின்ன எனக்கா?"

மேடம் நிமிந்தாங்க. "நாளைக்கு உங்க அண்ணனுக்குப் பதினாறாம் நாள். நீ போகலையா செங்கொடி?"

"போகல."

"உங்க அத்தை எனக்கே போன் பண்ணிட்டாங்க. அம்மா சாப்பிடவே மாட்டேங்கறாங்களாம்."

"பிடிவாதம் மேடம். அப்பா செத்தப்ப நான் ஒம்பதாவது. காரியம் முடிஞ்ச மறுநாளே சத்துணவுக் கூடத்துல போய் கரண்டி பிடிச்சாங்க. எங்களுக்குத் தலை வாரி, சோறு கட்டி, அப்பா இல்லைங்கறதே தெரியாம வளத்தாங்க. அதே பொம்பளைதான். இப்ப அண்ணன் பைக்ல போய் விழுந்தான். செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. அழல. பேசல. எதிர்ல போய் நின்னாக்கூட என்னைப் பாக்கல. நான் ஒருத்தி உயிரோட இருக்கேனே, அது கண்ணுக்குத் தெரியலையா? மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டுப் பையைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

மேடம் கம்ப்யூட்டர்ல ஒரு படத்தைத் திறந்தாங்க. இதே கட்டையோட முதல் தையல், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல எடுத்தது. வெள்ளைப் பாறை மாதிரி சுண்ணாம்பு. அதுல குச்சி குச்சியா சின்னக் குழிங்க.

"இந்தக் குழி என்ன மேடம்?"

"பாக்டீரியா இருந்த எடம்."

"இருந்த எடம்னா?"

"சுரக்கற சுண்ணாம்பு அது மேலயேதான் படியும். விரிசல் மூடறப்ப அதுவும் உள்ள மாட்டிக்கும். செத்துடும்."

"எல்லாமேவா?"

"அந்த எடத்துல இருந்தது எல்லாம்."

அப்பவும் என் வாய் சும்மா இருக்கல. "அப்ப ரெண்டாவது தடவை ஒடைஞ்சா?"

"தைக்கறதுக்கு உள்ள யாரு இருக்கா?"

கட்டையைப் பாத்தேன். விரிசல் ஒரு முடி அளவுதான். அதைப் போய் எவ்வளவு திட்டியிருக்கேன்.

செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்த அம்மா ஞாபகம் வந்துச்சு. "அப்ப அவ்வளவுதானா மேடம்? இப்படியே விட்டுட வேண்டியதுதானா?"

"புதுசா பாக்டீரியாவை வெளியில இருந்து ஊத்தணும்மா. சொட்டுச் சொட்டா. முதல்ல உள்ள எறங்காது, எல்லாம் வழிஞ்சு போயிடும். அப்பவும் ஊத்தணும்."